இழுக்கும் திறன் வேறு, சுமக்கும் திறன் வேறு

கேள்வி: சியாட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். நான், மனைவி, 9 வயது மகன். 5 வருடமாக ராம் ப்ரோமாஸ்டர் கேம்பர் வேன் வைத்திருக்கிறோம். முன்சக்கரம் இழுக்கும் வண்டி என்பதால் காட்டுப் பாதையில் இரண்டு முறை சேற்றில் மாட்டிக்கொண்டோம். வேன் சர்வீஸுக்குப் போனால் வீடே சர்வீஸுக்குப் போன மாதிரி இருக்கிறது. ஏற்கெனவே எங்களிடம் ஒரு ஃபோர்டு எஃப்-150 பிக்அப் டிரக் உண்டு. பின்னால் சாமான் ஏற்றும் தொட்டி ஐந்தரை அடி, 11,000 பவுண்டு இழுக்கும். கதவோர ஸ்டிக்கரில் 1,640 பவுண்டு என்றும் ஓர் எண் இருக்கிறது. அதில் வைப்பதற்காக 2,380 பவுண்டு எடையுள்ள கெட்டிச் சுவர் டிரக் கேம்பர் (தொட்டியில் ஏற்றி இறக்கும் சிறு வீடு) ஒன்றைப் பார்த்திருக்கிறோம். 11,000 இழுக்கும் வண்டிக்கு 2,380 ஒரு சுமையா? பின்பக்கம் ஏர் ஸ்பிரிங் (காற்றுப் பை) போட்டால் போதும் என்கிறார் விற்பவர். வேனை விற்றுவிடலாமா? அதிலுள்ள லித்தியம் பேட்டரியையும் பெட்ரோல் ஹீட்டரையும் கேம்பருக்கு மாற்றிக்கொள்ள முடியுமா?

பதில்: வேனை இப்போதைக்கு விற்காதீர்கள். அந்தக் கேம்பருக்கு முன்பணமும் கொடுக்காதீர்கள். உங்கள் எஃப்-150 அதைச் சுமக்கும் வண்டி அல்ல. ஏர் ஸ்பிரிங் போட்டாலும் அது சுமக்கும் வண்டி ஆகிவிடாது.

11,000 என்பது பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கிற டிரெய்லருக்கான எண். டிரெய்லரின் எடையில் பெரும்பகுதியை அதன் சொந்தச் சக்கரங்களே தாங்கும். டிரக் கேம்பருக்குச் சக்கரம் கிடையாது. அது தொட்டியில் உட்கார்ந்து, முழு எடையையும் உங்கள் டிரக்கின் அச்சு, ஸ்பிரிங், டயர், பிரேக் மேல் இறக்குகிறது. அதற்கான கணக்கு 1,640-இல்தான் இருக்கிறது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் அந்த ஸ்டிக்கரை இன்னொரு முறை படியுங்கள். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இதைத் தாண்டக் கூடாது என்று எழுதியிருக்கும். ஓட்டுநரின் எடையும் அதற்குள்தான் அடக்கம். இணையத்திலோ விளம்பரத் தாளிலோ போட்டிருக்கும் உச்ச அளவை நம்ப வேண்டாம். கண்ணாடிக் கூரை, பெரிய சக்கரம், சொகுசு இருக்கை என்று சேரச் சேர ஒவ்வொரு வண்டிக்கும் அந்த எண் இறங்கிக்கொண்டே போகும்.

2,380 என்பதும் உலர் எடைதான், அதாவது தண்ணீரும் சாமானும் ஏற்றாத வெற்று எடை. பயணத்துக்குக் கிளம்பும்போது அது எவ்வளவு ஆகும் என்று கூட்டிப் பார்ப்போம். ஒரு கேலன் தண்ணீர் 8.34 பவுண்டு, ஆகவே 30 கேலன் தொட்டி நிறைந்தால் 250. நிறைந்த 20 பவுண்டு புரொபேன் சிலிண்டர் இரண்டு, இரும்பும் வாயுவும் சேர்த்து 75. லித்தியம் பேட்டரி இரண்டு 60. கூரை ஏசி, வெயில்மறைப்பு, சோலார் என்று கடையில் கூடுதலாகப் பொருத்துபவை 200 என்று வையுங்கள். துணி, படுக்கை, பாத்திரம், அரிசி மூட்டை, குக்கர், கருவிப் பெட்டி எல்லாம் 400. இது தாராளக் கணக்கு அல்ல, மூன்று பேருக்கு இதைவிடக் கூடத்தான் வரும். ஆட்கள் மூவரும் 375. கட்டும் கம்பிகள், ரப்பர் பாய், கூடுதல் ஸ்பிரிங் 150. மொத்தம் 3,890 பவுண்டு. உங்கள் ஸ்டிக்கர் அனுமதிப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். கேம்பரைத் தூக்கி நிறுத்தும் நான்கு ஜாக்கிகளைச் சில நிறுவனங்கள் உலர் எடையில் சேர்ப்பதில்லை. அதையும் விற்பவரிடம் கேட்டுவிடுங்கள்.

ஏர் ஸ்பிரிங் பின்பக்கம் தொங்குவதைத் தூக்கி நிறுத்தும், அவ்வளவுதான். அச்சின் வலிமையோ, சக்கரத் தாங்கியோ, பிரேக்கோ, டயரோ அதனால் மாறுவதில்லை. ஸ்டிக்கரில் உள்ள எண்ணும் அப்படியே இருக்கும். வண்டி சமமாக நிற்கிறது, அதனால் எல்லாம் சரி என்ற நம்பிக்கையை மட்டும் அது கொடுத்துவிடும். அங்கேதான் ஆபத்து. அளவுக்கு மீறிய எடையோடு மலை இறங்கும்போது முதலில் பிரேக் சூடாகும், கோடை நெடுஞ்சாலையில் முதலில் டயர் வெடிக்கும்.

எடை ஒரு பக்கம் இருக்க, ஐந்தரை அடித் தொட்டியால் இன்னொரு சிக்கல். ஒவ்வொரு கேம்பரிலும் அதன் எடை மையம் எங்கே என்று குறித்திருப்பார்கள். அந்தப் புள்ளி டிரக்கின் பின் அச்சுக்கு முன்னால் விழ வேண்டும். நீளத் தொட்டிக்குச் செய்த கேம்பரைக் குட்டைத் தொட்டியில் ஏற்றினால் மையம் அச்சுக்குப் பின்னால் போய்விடும். ஊஞ்சல் பலகையின் ஒரு நுனியில் உட்கார்ந்தால் மறுநுனி எழுவது போல முன்சக்கரங்களின் பாரம் குறையும். ஸ்டீயரிங் பிடிப்பு தளரும், முகப்பு விளக்கு மேலே பார்க்கும், ஈரச் சாலையில் திருப்பினாலும் வண்டி நேராகப் போகும். தொட்டியில் கேம்பர் ஏற்றத் தகுந்த டிரக் என்றால், எடை மையம் எந்தெந்த இடத்துக்குள் இருக்கலாம் என்று நிறுவனமே கையேட்டில் தர வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். சில மாடல்களின் கையேட்டில் கேம்பர் ஏற்றவே வேண்டாம் என்று எழுதியிருக்கும். உங்களுடையதை எடுத்துப் பாருங்கள்.

அப்படியானால் எந்த டிரக்? இங்கே வரிசை முக்கியம். முதலில் கேம்பரை முடிவுசெய்து, மேலே போட்டது போல முழுக்கணக்கும் கூட்டி, அதற்குமேல் பத்தில் ஒரு பங்காவது மிச்சம் வருகிற டிரக்கைத் தேட வேண்டும். கையிலிருக்கும் டிரக்குக்குக் கேம்பரைத் தேடுகிறவர்கள்தான் இரண்டு முறை பணம் செலவழிக்கிறார்கள். நீங்கள் பார்த்த கேம்பருக்கே 4,300 பவுண்டு அளவுக்குத் திறன் வேண்டும். அது பின்னால் நான்கு சக்கரம் உள்ள ஒரு டன் டிரக்கின் வேலை. (ஒரு டன், முக்கால் டன் என்பவை டிரக் வகைகளின் பழக்கப் பெயர்கள், சுமக்கும் எடை அல்ல.) பின்னால் இரண்டே சக்கரம் உள்ள ஒரு டன் வண்டிகளில் பெட்ரோல் எஞ்சினும் நீளத் தொட்டியும் இருந்தால் 4,000 பக்கம் வரும். அதே மாடலை டீசலில் எடுத்தால் எஞ்சினே சில நூறு பவுண்டைத் தின்றுவிடும். டீசல் என்றால் பலசாலி என்ற எண்ணம் இழுப்பதற்குப் பொருந்தும், சுமப்பதற்குப் பொருந்தாது. முக்கால் டன் டீசல் டிரக்குகள் பலவற்றில், மொத்த எடை 10,000 பவுண்டுக்குள் நிற்க வேண்டும் என்ற வரம்பினால், சுமக்கும் திறன் 2,000 சொச்சத்தில் முடிந்துவிடுகிறது. ராம் வாங்குவதாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். 2014 முதல் முக்கால் டன் 2500 மாடலில் பின்பக்கம் சுருள் ஸ்பிரிங், ஒரு டன் 3500 மாடலில் லீஃப் ஸ்பிரிங் பட்டைகள். உயரமான கேம்பருக்குப் பட்டைகளே நல்லது, ஆட்டம் குறையும். ஃபோர்டின் கனரகப் பிக்அப் வரிசையான சூப்பர் டியூட்டியைப் புதிதாக வாங்கினால் தொழிற்சாலையிலேயே கேம்பர் பேக்கேஜ் கேட்டு வாங்கலாம்.

டயரை வாங்கும்போதே பாருங்கள். எஃப்-150 போன்ற வண்டிகளில் பெரும்பாலும் பயணிகள் கார் ரக டயர்தான் வரும். உங்களுக்குத் தேவை எல்டி (லைட் டிரக்) என்று தொடங்கும், சுமை வகை ஈ டயர். உதாரணமாக எல்டி265/70ஆர்17 ஈ ரகம் 80 பிஎஸ்ஐ காற்றில் ஒன்றுக்கு 3,195 பவுண்டு தாங்கும், பின்னால் இரண்டும் சேர்ந்து 6,390. வெறும் டிரக்கின் பின் அச்சில் ஏற்கெனவே 3,000 பவுண்டு இருக்கிறது என்றால், கேம்பருக்கு மீதி எவ்வளவு என்று நீங்களே கழித்துக்கொள்ளலாம். கேம்பரின் எடையில் ஏறக்குறைய எல்லாமே பின் அச்சில்தான் இறங்கும்.

இனி, உங்கள் கடிதத்தில் நீங்கள் தொடாத ஒரு விஷயம். நீங்கள் மாற விரும்பும் முதல் காரணம் காட்டுப் பாதை. கெட்டிச் சுவர் கேம்பர் ஏற்றிய டிரக்கின் உயரம் 11 முதல் 12 அடிக்கு மேலும் போகும். நான்கு சக்கரமும் இழுக்கும், தரை இடைவெளியும் இருக்கும், சேற்றில் மாட்ட மாட்டீர்கள். ஆனால் உங்கள் பக்கத்து வனத்துறைச் சாலைகளில் தாழ்ந்து தொங்கும் கிளைகள் கூரையைக் கிழிக்கும். பக்கவாட்டில் சரிந்த பாதையில் அந்த உயரம் வண்டியை ஒருபுறமாகச் சாய்க்கும். வேன் தயங்காமல் போன சில இடங்களுக்கு இது போகாது. ஆகவே எங்கள் ஆலோசனை, கூரையை மேலே தூக்கி விரிக்கும் பாப்-அப் கேம்பர். கூரையை மடித்தால் காற்றும் குறைவாகப் பிடிக்கும், கொலம்பியா கோர்ஜ் பள்ளத்தாக்கின் காற்றில் அந்த வித்தியாசம் ஸ்டீயரிங்கிலேயே தெரியும். உலர் எடை 1,500 பவுண்டு உள்ள பாப்-அப் ஒன்றை எடுத்துக்கொண்டால், 20 கேலன் தண்ணீரும் மேற்சொன்ன சாமான்களைக் கொஞ்சம் குறைத்தும் கூட்டினால் 2,700 பவுண்டு வரும். பின்னால் இரண்டு சக்கரமுள்ள ஒரு டன் பெட்ரோல் டிரக் அதை நிம்மதியாகச் சுமக்கும்.

பாப்-அப்பின் குறையையும் சொல்லிவிட வேண்டும். துணிச்சுவரில் குளிர் இறங்கும், மூன்று பேர் மூச்சுவிட்டால் காலையில் உள்பக்கம் நனைந்திருக்கும். ஈரத்தோடு மடித்து வீட்டுக்கு வந்தால் அன்றே விரித்துக் காய வைக்க வேண்டும், இரண்டு நாள் விட்டால் பூஞ்சை பிடித்துவிடும். கூரையில் பனி கிடந்தால் தள்ளிவிட்டுத்தான் தூக்க முடியும். குளிர்காலத்தில் பனிச்சறுக்கு விடுதிகளின் வண்டி நிறுத்தத்தில் தங்குவதுதான் உங்கள் முக்கியப் பயணம் என்றால் கெட்டிச் சுவரே சரி. அதற்குத் தகுந்த டிரக்கை வாங்குங்கள்.

வட்டாரத்தை வைத்துச் சொன்னால், உங்கள் மழைக்குப் பழைய கேம்பரை வாங்கும்போது பயப்பட வேண்டியது ஹீட்டருக்கோ அடுப்புக்கோ அல்ல, கசிவுக்கு. பெரும்பாலான கேம்பர்களின் எலும்பு மரச் சட்டம். மூலை ஓரங்களிலும், முன்மூக்கில் (டிரக் கூரைக்கு மேல் நீளும் படுக்கைப் பகுதி) உள்ள சிறு விளக்குகளைச் சுற்றியும் சீலன்ட் என்னும் அடைப்புப் பசை வெடித்தால் நீர் இறங்கி, வெளியே தெரியாமல் உள்ளே மட்கும். படுக்கை மூக்கின் அடிப்பக்கம், கட்டும் கம்பி மாட்டும் வளையங்களைச் சுற்றிய இடம், தொட்டியின் பக்கச் சுவர்களுக்கு மேல் நீளும் பக்கச் சிறகின் அடி ஆகிய மூன்றையும் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினால் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள். சுவரில் கொப்புளம் போல உப்பியிருந்தாலும் அப்படியே. ஈரம் அளக்கும் சிறு கருவியைக் கையோடு கொண்டுபோவது நல்லது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் செய்யப்படும் பிக்ஃபுட், நார்தர்ன் லைட் கேம்பர்கள் மேல் கீழ் என இரண்டே ஃபைபர் கிளாஸ் ஓடுகளால் ஆனவை. இணைப்பு குறைவு, கசிவும் குறைவு. எடை மட்டும் கூடுதல். எதை வாங்கினாலும் கூரை இணைப்புகளின் சீலன்ட்டை வருடத்துக்கு ஒரு முறை ஏணி போட்டு ஏறிப் பார்க்க வேண்டும்.

பொருத்தமா என்று அளக்கும்போது நீளத்தோடு நிறுத்த வேண்டாம். தொட்டிக்குள் சக்கர மேடுகளுக்கு இடையிலுள்ள அகலம் கேம்பரின் அடிப்பெட்டியைவிடப் பக்கத்துக்கு ஓர் அங்குலமாவது கூடுதலாக வேண்டும். தொட்டித் தரையிலிருந்து டிரக் கூரை வரை உள்ள உயரத்தையும் எடுங்கள். படுக்கை மூக்குக்கும் டிரக் கூரைக்கும் இடையே இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் வெளி வேண்டும். இல்லாவிட்டால் பள்ளத்தில் விழுந்து எழும்போது இடிக்கும். இன்றைய டிரக்குகள் உயரமானவை, பழைய கேம்பர்களுக்குக் கீழே பலகை கொடுத்துத் தூக்க வேண்டியிருக்கும். வழுவழுப்பான பிளாஸ்டிக் விரிப்பு இருந்தால் எடுத்துவிட்டு ரப்பர் பாய் போடுங்கள். பிளாஸ்டிக்கின் மேல் கேம்பர் நகரும், எவ்வளவு இறுக்கினாலும் நகரும். பின்கதவைக் கழற்றி வீட்டில் வைத்தால் 80, 100 பவுண்டு மிச்சம். அதோடு பின்புறக் கேமராவும் போய்விடும் என்பதால் கேம்பரில் தனிக் கேமரா வேண்டும். உள்ளே இருக்கும் கண்ணாடியிலும் பின்னால் எதுவும் தெரியாது. டிரெய்லர் இழுப்பவர்கள் வைக்கும் நீண்ட பக்கக் கண்ணாடி அவசியம்.

கட்டும் கொக்கிகள் டிரக்கின் அடிச் சட்டத்தில் பொருத்தப்படுபவையாக இருக்கட்டும். எஃப்-150-இல் 2015 முதலும் சூப்பர் டியூட்டியில் 2017 முதலும் தொட்டி அலுமினியத்தால் ஆனது. தொட்டித் தகட்டிலேயே கொக்கி அடித்தால் தகடு கிழியும். நான்கு மூலையிலும் டர்ன்பக்கிள் என்னும் திருகு இறுக்கியைக் கையால் இறுக்கி, கேம்பரை ஆட்டினால் டிரக்கும் சேர்ந்து ஆட வேண்டும். அதற்கு மேல் முறுக்கினால் கேம்பரின் மரத்திலிருந்து வளையமே பிடுங்கிக்கொண்டு வரும். கிளம்பி 20 மைலில் ஒரு முறை நிறுத்திப் பாருங்கள். கேம்பர் தன் இடத்தில் அமர்ந்ததும் ஏதோ ஒரு மூலை தளர்ந்திருக்கும்.

லித்தியம் பேட்டரிகளை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் வேனில் இருந்த சார்ஜ் ஏற்பாடு அப்படியே வராது. டிரக்கின் ஏழு முனை பிளக்கில் வரும் 12 வோல்ட் கம்பி மெல்லியது. 10 கேஜ் கம்பியில் போக வர 50 அடிக்கு 20 ஆம்பியர் ஓடினால் ஒரு வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். பேட்டரிக்குப் போய்ச் சேருவது அதை நிரப்பப் போதாது. நாள் முழுக்க ஓட்டியும் பேட்டரி ஏறவில்லை என்று புதிதாக மாறியவர்கள் சொல்வதற்கு இதுவே காரணம். டிரக் பேட்டரியிலிருந்து 4 கேஜ் கம்பியை (கேஜ் எண் குறைந்தால் கம்பி தடிமன்) தனியாக இழுத்து, தொட்டி முன்சுவரில் கழற்றி மாட்டக்கூடிய ஆண்டர்சன் இணைப்பில் முடித்து, கேம்பருக்குள் லித்தியம் பேட்டரிக்குப் பக்கத்தில், வரும் வோல்ட்டை லித்தியத்துக்கு ஏற்றபடி உயர்த்தித் தரும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜரை வையுங்கள். 30 ஆம்பியர் கொடுக்கும் கருவி உள்ளே 40 வரை இழுக்கும் என்பதால் ஃபியூஸை அதற்குத் தக்கபடி போட வேண்டும். இரண்டு பக்கமும் பேட்டரி இருப்பதால் கம்பியின் இரு முனையிலும் ஃபியூஸ் வேண்டும். கேம்பரின் பேட்டரிப் பெட்டி வெளிச்சுவர் ஓரத்தில் இருந்தால் ஒன்றை மறக்க வேண்டாம்: உறைநிலைக்குக் கீழே லித்தியத்தில் சார்ஜ் ஏற்றினால் அது நிரந்தரமாகக் கெடும். சூடேற்றி உள்ள பேட்டரியாக வாங்குங்கள், அல்லது பேட்டரியை அறைக்குள் கொண்டுவாருங்கள்.

ஹீட்டரை விட்டுவிடுங்கள். அது வேனின் பெட்ரோல் தொட்டியிலிருந்து குடிக்கிறது. இறக்கி ஏற்றும் கேம்பருக்கு அந்த வசதி கிடையாது, தனித் தொட்டி வைத்தால் வாடையும் கூடுதல் வேலையும்தான் வரும். கேம்பரில் வரும் புரொபேன் ஹீட்டர் போதும். 20 பவுண்டு சிலிண்டரில் சுமார் 4,30,000 பிடியு (வெப்ப அலகு) வெப்பம் இருக்கிறது. ஹீட்டரின் திறனை மணிக்கு எத்தனை பிடியு என்று சொல்வார்கள். 20,000 பிடியு ஹீட்டர் நிற்காமல் எரிந்தால் 21 மணி நேரம். விட்டுவிட்டு எரிவதால் குளிர் வாரக் கடைசிக்கு ஒரு சிலிண்டர் என்று கணக்கு வைக்கலாம். அதன் ஊதுவிசிறி பேட்டரியைத் தின்னும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எவ்வளவு குளிரானாலும் கூரைத் திறப்பை ஒரு விரல் அளவு திறந்தே வையுங்கள். மூக்குப் படுக்கையின் மெத்தைக்கு அடியில் காற்றோடும் சட்டமோ வலைப் பாயோ போடாவிட்டால் பலகை வியர்த்து மெத்தை அடியில் கறுப்புப் புள்ளி விழும்.

வாழ்க்கை முறையில் மாறுவது ஒன்று உண்டு. வேனில் இருக்கையிலிருந்து எழுந்து பின்னால் போனீர்கள். இதில் இறங்கி, மழையில் நனைந்து, படியேறிப் போக வேண்டும். ஓடும்போது மகன் பின்னால் தூங்க முடியாது, டிரக்கின் பின் இருக்கையில் பெல்ட் போட்டுத்தான் வர வேண்டும். அதனால் நான்கு கதவுள்ள டிரக் தேவை. நான்கு கதவும் எட்டடித் தொட்டியும் சேர்ந்த சூப்பர் டியூட்டி 22 அடி 2 அங்குல நீளம். உங்கள் ப்ரோமாஸ்டர் 159 அங்குலச் சக்கர இடைவெளி மாடல் என்றால் 19 அடி 8 அங்குலம்தான். வண்டிகளை ஏற்றிச் செல்லும் வாஷிங்டன் மாநிலப் படகுகளில் கட்டணப் படி 22 அடியில் மாறும், கேம்பரின் பின்நீட்டலும் சேர்த்துத்தான் அளப்பார்கள். யூட்டாவுக்குப் போகிறவர்கள் உயரத்தையும் அகலத்தையும் எழுதி முன்கண்ணாடி அருகே ஒட்டிக்கொள்ள வேண்டும். ஸயான் தேசியப் பூங்காவின் மவுண்ட் கார்மெல் சுரங்கத்துக்கு 11 அடி 4 அங்குல உயரமும் 7 அடி 10 அங்குல அகலமும் எல்லைக் கோடு.

கேம்பரை முகாமில் இறக்கி வைத்துவிட்டு டிரக்கில் சுற்றலாம் என்பதை விற்பவர்கள் பெரிதாகச் சொல்வார்கள். செய்பவர்கள் குறைவு. ஏற்றி இறக்க அரை மணி நேரம் போகும், ஜாக்கியின் மேல் நிற்கும் கேம்பர் நடந்தால் ஆடும், சில முகாம்களில் அனுமதியும் இல்லை. உண்மையான லாபம் வீட்டில்தான். வார நாட்களில் டிரக் டிரக்காகவே இருக்கும், சர்வீஸுக்குத் தனியாகப் போகும். இறக்கும்போது தண்ணீரைக் காலி செய்யுங்கள், நான்கு டர்ன்பக்கிளையும் கழற்றுங்கள், மின் இணைப்பைப் பிடுங்குங்கள். அதிகம் மறக்கப்படுவது இந்த இணைப்புதான், டிரக் நகர்ந்ததும் சாக்கெட்டோடு வந்துவிடும். நான்கு ஜாக்கியையும் சிறிது சிறிதாக, மூக்கு எப்போதும் பின்பக்கத்தைவிடக் கொஞ்சம் உயர்ந்திருக்கும்படி ஏற்றுங்கள். டிரக் வெளியே வந்ததும் கேம்பரை முடிந்தவரை தாழ்த்திவிடுங்கள். உயரத்தில் நிற்கும் கேம்பரைப் பலமான காற்று தள்ளிவிடும்.

வேனை விற்கும்போது ஹீட்டர், சோலார், அலமாரி எதையும் பிரிக்காமல் முழு வீடாகவே விற்றால்தான் விலை நிற்கும். பேட்டரி மட்டும் வேண்டுமானால் எடுத்துக்கொண்டு, அதை விளம்பரத்திலேயே சொல்லிவிடுங்கள். அதற்கு முன் ஒரு பாப்-அப்பை டிரக்கோடு வாடகைக்கு எடுத்து, மகனையும் அழைத்துக்கொண்டு மழை பெய்யும் மூன்று இரவுகள் தங்கிப் பாருங்கள். வாங்கியபின் டிரக்கின் காப்பீட்டில் கேம்பர் தானாக அடங்காது, தனியாக எழுத வேண்டும். முதல் பயணத்துக்குத் தண்ணீர், புரொபேன், சாமான், ஆட்கள் எல்லாம் ஏறியபின் நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் உள்ள கேட் ஸ்கேல் எடைமேடையில் ஏற்றுங்கள். முன் அச்சு, பின் அச்சு, மொத்தம் என்று மூன்று எண் தருவார்கள். பின் அச்சின் எண்ணைக் கதவோரத்தில் அந்த அச்சுக்குக் குறித்திருக்கும் வரம்போடும், இரண்டு பின் டயரின் தாங்குதிறனோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். கூடியிருந்தால் முதலில் தண்ணீரைப் பாதியாக்குங்கள், முகாமில் நிரப்பிக்கொள்ளலாம்.